தட்டைப் பாதம் ஒரு குற்றமா?

கண்பார்வை சற்றுக் குறைந்தால் கண்ணாடி அணிகிறோம். பல் கோணலாக முளைத்தால் கம்பி கட்டிக்கொள்கிறோம். அதற்காக யாரும் நம்மை ஒதுக்கி வைப்பதில்லை. ஆனால் உள்ளங்காலில் குழி விழாமல் பாதம் முழுவதும் தரையில் படிந்துவிட்டால் மட்டும், அது ஏதோ பெருங்குறை என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. "தட்டைக் கால்காரி" என்று விளையாட்டு மைதானத்தில் ஒரு பட்டம். "இந்தக் கால் புகுந்த வீட்டுக்கு ஆகாது" என்று திண்ணையில் ஒரு பேச்சு. "இவளை ஓட்டப் பந்தயத்தில் சேர்க்க வேண்டாம்" என்று ஒரு தீர்ப்பு. பட்டமும் பேச்சும் தீர்ப்பும் நியாயந்தானா என்று கேட்கவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பாதத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன தகுதி என்று பெரியவர்கள் கேட்கலாம். நாங்கள் எப்போதும்வென்றானையும் அதைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களையும் சேர்ந்தவர்கள். கரிசல்காட்டுப் பிள்ளைக்குத் தன் காலைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியாது. மழை பெய்துவிட்டால் எங்கள் மண் காலோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். நாலு எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலும் கனத்துப்போகும். குச்சி கொண்டு சுரண்டிவிட்டு மறுபடி நடக்க வேண்டும். கோடையிலோ அதே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் வரப்பைப் பார்த்தால் முதல் நாள் அவ்வழியே போனவர்களின் கால்கள் அச்சில் வார்த்ததுபோல் பதிந்திருக்கும். சிலருடைய தடத்தில் குதிகாலும் முன்பாதமும் மட்டும் தெரியும். நடுவில் வெளி ஓரமாக ஒரு மெல்லிய பட்டை இருக்கும். சிலருடைய தடமோ நடுவிலும் அகலமாக, முழு உள்ளங்காலும் பதிந்ததாக இருக்கும். இந்த இரண்டாவது தடத்துக்கு உரியவர்களைத்தான் தட்டைப் பாதம் உடையவர்கள் என்கிறோம். டாக்டர்களும் ஏறக்குறைய இதே முறையில்தான் சோதிக்கிறார்கள். மையைத் தடவிய தட்டின்மேல் நிற்கவைத்துத் தடத்தைக் காகிதத்தில் எடுத்து அளக்கிறார்கள்.

மழையால் விளையாட்டு வகுப்பு நடக்காத ஒரு நாளில், வராந்தாவின் சிமெண்ட் தரையில் நாங்களும் ஈரக்காலை வைத்துப் பார்த்தோம். குழி நன்றாக விழுந்தவர்கள், அரைகுறையாக விழுந்தவர்கள், விழாதவர்கள் என்று எல்லா வகையும் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். எங்கள் வகுப்பில் எல்லோரையும் விட வேகமாக ஓடும் பெண்ணின் தடம் முழுத் தட்டையாக இருந்தது! அவளுக்கே அது அன்றுதான் தெரியும். வகுப்பில் ஒரு வேடிக்கை போலத்தான் இதைத் தொடங்கினோம். ஆனால் அந்த ஈரத்தடம் காய்வதற்குள் எங்களில் இரண்டொருவர் முகம் வாடிவிட்டதைக் கண்டபிறகே, இதைப்பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது.

பாதத்தின் அமைப்பு ஒரு விந்தை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவை பாலத்தின் வளைவுபோல் அடுக்கப்பட்டு, நார்களால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. கெண்டைக்காலிலிருந்து புறப்படும் ஒரு தசையின் நாண், உள் கணுக்காலுக்குப் பின்புறமாக இறங்கி, அந்த வளைவைக் கீழிருந்து தூக்கிப் பிடிக்கிறது. நாம் காலை ஊன்றும்போது வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியைத் தாங்குகிறது. உந்தி எடுக்கும்போது மீண்டும் எழும்பிக் கெட்டியாகிறது. மாட்டு வண்டியின் வில்லைப் போன்றது என்று சொல்லலாம்.

இந்த வளைவோடு யாரும் பிறப்பதில்லை என்பதுதான் பலர் அறியாத செய்தி. பிறந்த குழந்தையின் உள்ளங்கால் கொழுப்பு நிறைந்து பூரிபோல் இருக்கும். அதை முத்தமிடாத தாய் உண்டா? அந்தப் பாதமும் தட்டைப் பாதம்தான். குழந்தை நின்று, நடந்து, ஓடி, ஏறி, குதித்துப் பழகப் பழக நார்கள் இறுகி, தசைகள் வலுத்து, சுமார் பத்து வயதுக்குள் வளைவு சிறுகச் சிறுகத் தோன்றுகிறது. ஆஸ்திரியா நாட்டில் 3 முதல் 6 வயதுக்கு உட்பட்ட 835 குழந்தைகளைச் சோதித்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே 3 வயதுக் குழந்தைகளில் 54 சதவிகிதத்தினருக்குத் தட்டைப் பாதம். 6 வயதுக் குழந்தைகளில் அது 24 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. உண்மையான நோய் என்று சொல்லத்தக்க பாதம் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. ஆகவே எல்.கே.ஜி. படிக்கும் குழந்தையின் காலைப் பார்த்து, "ஐயோ, குழி இல்லையே!" என்று பதறுவது, ஆறு மாதக் குழந்தையைப் பார்த்து, "ஐயோ, பல் இல்லையே!" என்று பதறுவதற்கு ஒப்பாகும்.

வளர்ந்த பிறகும் சிலருக்குக் குழி விழுவதில்லை. பெரும்பாலும் இது குடும்ப வழியாக வருவது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கும் இருக்கக்கூடும். மூட்டுகள் இயல்பிலேயே இளகலாக இருப்பவர்களுக்கும், அதாவது கட்டை விரலை மடக்கி முன்கையைத் தொட முடிகிறவர்களுக்கும், இது அதிகம். உடல் எடை மிகுந்தவர்களிடமும் அதிகமாகக் காணப்படுகிறது. இவற்றோடு இன்னொரு காரணத்தையும் நம் நாட்டு டாக்டர்கள் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே எங்கள் கறுப்பு ஷூக்களைப் பார்த்துக் கொஞ்சம் யோசனையும் வந்தது.

கர்நாடகத்தில் உள்ள கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ராவ், டாக்டர் பெஞ்சமின் ஜோசப் ஆகிய இருவரும் 4 முதல் 13 வயது வரையிலான 2300 குழந்தைகளின் பாதத் தடங்களை எடுத்து ஆராய்ந்தனர். அதன் முடிவு 1992ஆம் ஆண்டில் எலும்பு மருத்துவத்துக்கான ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வெளிவந்தது. காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவிகிதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. காலணி அணியாத குழந்தைகளில் 2.8 சதவிகிதத்தினருக்கே அது இருந்தது. காலணி அணிந்தவர்களிலும், விரல்களை மூடும் ஷூ போட்டவர்களுக்கு அதிகம். வார் வைத்த செருப்பும் சாதாரணச் செருப்பும் போட்டவர்களுக்குக் குறைவு. வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு மிகக் குறைவு. மூட்டு இளகலான குழந்தைகளிடம் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. டாக்டர் ஜோசப், டாக்டர் சச்சிதானந்தம் என்பவரோடு சேர்ந்து, எலும்பு வளர்ச்சி முடிந்த 1846 பேரைச் சோதித்து 1995ஆம் ஆண்டில் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டார். எந்த வயதில் ஷூ அணியத் தொடங்கினீர்கள் என்பதே அதில் முக்கியக் கேள்வி. 6 வயதுக்கு முன்பே தொடங்கியவர்களில் 3.24 சதவிகிதம், 16 வயதில்தான் தொடங்கியவர்களில் 1.75 சதவிகிதம் பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. பிள்ளைப் பருவத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் காலணி அணிந்திருந்தவர்களிடமே அது மிக அதிகம்.

எட்டு மணி நேரம்! காலையில் பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஷூவுக்குள் காலை நுழைக்கும் எங்கள் பள்ளிச் சிறுமி மாலையில் வீடு திரும்பி அதைக் கழற்றும்போது எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பெற்றோர்களே கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஷூ அணிந்ததால்தான் பாதம் தட்டையாயிற்று என்று இவ்வாராய்ச்சிகள் முடிந்த முடிவாக நிரூபித்துவிடவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதையே காட்டுகின்றன. ஷூ அணிந்த குழந்தைகளிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பாதம் நன்றாகவே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் மூடிய ஷூவுக்குள் விரல்கள் அசைய இடமின்றி, தசைகளுக்கு வேலையின்றிக் கிடக்கின்றன என்பதை யார் மறுக்க முடியும்? கையை நாள் முழுதும் கட்டி வைத்தால் கை வலுக்குமா?

"அப்படியானால் எல்லோரும் வெறுங்காலோடு திரிய வேண்டும் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. எங்கள் ஊர்க் காட்டுப் பாதையில் சீமைக் கருவேல முள் ஒன்று குத்தினால் தெரியும், செருப்பின் அருமை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் கால் வைக்க முடியுமா? கொக்கிப் புழு, அசுத்தமான ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாகவே உடலுக்குள் புகுகிறது. பருத்திக் காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் நாள் முழுதும் நிற்கும் எங்கள் அம்மாமார்களின் வெடித்த குதிகாலைப் பார்த்தவர்கள் வெறுங்காலைப் புகழ்ந்து பாட மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாகவும் வருத்தமாகவும் இருக்கிறது. நம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் ஒரு சாராரின் தெருவழியே போகும்போது இன்னொரு சாரார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற கொடுமை நடந்திருக்கிறது. எங்கள் தாத்தா பாட்டிகள் சிலருக்கு அது புத்தகத்தில் படித்த சங்கதி அன்று. அவர்களுக்குச் செருப்பு என்பது வெறும் தோலும் ரப்பரும் அல்ல, தலை நிமிர்ந்து நடக்கும் உரிமை. மகளுக்குப் பளபளக்கும் ஷூ மாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் தகப்பனாரின் மனத்தில் அந்த நினைவும் கலந்திருக்கிறது. அதை நாங்கள் மதிக்கிறோம். ஆகவே, காலணியை எறிந்துவிடுங்கள் என்பது எங்கள் வாதமன்று. எலும்பு உருவாகும் வயதில் காலுக்கு ஏற்ற காலணி எது, அதை எவ்வளவு நேரம் அணிவது என்று யோசியுங்கள் என்பதே எங்கள் வாதம்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். பணம் அதிகம் விரயமாவது இங்கேதான். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தங்கைக்கு நாலு வயது. பாதம் தட்டையாக இருக்கிறது என்று உறவினர் யாரோ சொல்ல, நகரத்துக் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்று, உள்ளே மேடு வைத்த விசேஷ ஷூ வாங்கினார்கள். தீப்பெட்டி ஆபீஸில் அவளுடைய அம்மா பல நாள் உழைத்த கூலி அதற்குச் சரியாகப் போயிற்று. ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிட்டது, ஷூ சிறுத்துவிட்டது. "அடுத்த அளவு வாங்குங்கள், இல்லாவிட்டால் இத்தனை நாள் போட்டது வீண்" என்றாராம் கடைக்காரர். அந்தக் குழந்தைக்குக் காலில் வலி இருந்ததா என்று யாராவது கேட்டார்களா? இல்லை. அவள் தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தாள்.

இத்தகைய விசேஷ ஷூக்கள் வளைவை உண்டாக்குமா என்பதை அமெரிக்காவில் டாக்டர் வெங்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்திருக்கிறார்கள். சிறு குழந்தைகளை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எந்த வைத்தியமும் இல்லை. மற்ற மூன்று பிரிவுகளுக்கும் விசேஷ ஷூ, குதிகால் கிண்ணம், பாதத்தின் அச்சு எடுத்துச் செய்த பிளாஸ்டிக் தட்டு என்று ஒவ்வொன்றைக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் விடாமல் கவனித்தார்கள். 98 குழந்தைகள் இறுதிவரை பங்கேற்றனர். 1989ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நான்கு பிரிவுக் குழந்தைகளின் பாதமும் ஒரே அளவில் தேறியிருந்தது! ஒன்றும் செய்யாத குழந்தைக்கும், விலையுயர்ந்த ஷூ போட்ட குழந்தைக்கும் வேறுபாடு இல்லை. தேறியது வளர்ச்சியினால், ஷூவினால் அன்று. பெற்றோர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படிக்க வேண்டுகிறோம்.

அப்படியானால் எந்தப் பாதத்துக்கு வைத்தியம் வேண்டும்? குழி இருக்கிறதா என்று கேட்பதைவிட, வலி இருக்கிறதா என்று கேட்பதே சரியான வழி. வலி என்றதும் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு அவர்கள் தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் காப்பாற்றுவதற்குத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். தொழுநோயாளியின் பாதம் அழிவது, அதில் உணர்ச்சி அற்றுப்போவதால்தான் என்று அவர் எடுத்துக்காட்டினார். முள் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது, நடந்துகொண்டே இருப்பார்கள். அத்தகைய பாதங்களுக்கு மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் பயன்பட்டன. இன்று சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் அதே செருப்பைத்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள். (வீட்டில் சர்க்கரை நோய் உள்ள ஆச்சி இருந்தால், வாசலுக்குக்கூட வெறுங்காலோடு போக விடாதீர்கள். மேலே நாங்கள் வெறுங்காலைப் பற்றிச் சொன்னது எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.) வலியை ஒரு கொடை என்றே கருதியவர் அவர். எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டியதில்லை என்று உடம்பே நமக்குச் சொல்லும் பாஷை அது. தட்டைப் பாதத்திலும் அந்தப் பாஷைக்குக் காது கொடுப்பதுதான் முறை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு முன்விரல்களில் எம்பி நில்லுங்கள். பின்னால் ஒருவர் குனிந்து பார்க்கட்டும். எம்பியதும் உள்ளங்காலில் வளைவு தோன்றி, குதிகால் உட்புறமாகத் திரும்பினால் அது வளையும் பாதம். வலியும் இல்லையென்றால் அதற்கு எந்த வைத்தியமும் வேண்டாம். எம்பினாலும் வளைவு தோன்றாமல் பாதம் விறைப்பாக இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு காலில் மட்டும் தட்டையாக இருந்தாலும், நன்றாக இருந்த வளைவு புதிதாகத் தாழ்ந்து போனாலும், நடந்தால் உள் கணுக்காலோ உள்ளங்காலோ வலித்தாலும், குழந்தை ஓட மறுத்து உட்கார்ந்துகொண்டாலும் அப்படியே. சிலருக்குப் பாதத்தின் இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அது எட்டு வயது முதல் பதினாறு வயதுக்குள், அதாவது எங்கள் வயதில்தான், வலியாகவும் விறைப்பாகவும் வெளிப்படுவது வழக்கம். அடிக்கடி கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும் பெண்ணை, "சோம்பேறி, விளையாட்டு வகுப்புக்குச் சாக்குச் சொல்கிறாள்" என்று ஏசுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கோவில்பட்டி அரசு மருத்துவமனையோ தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. ஓர் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும்.

வலி உள்ள தட்டைப் பாதத்துக்கும் கத்தி எடுக்க வேண்டியிருப்பது அபூர்வம். நல்ல குதிகால் பிடிப்புள்ள காலணி, அதற்குள் பாதத்தைத் தாங்கும் மெத்தை, எடை கூடுதலானால் குறைத்தல், பயிற்சி ஆகியவையே முதல் வைத்தியம். இங்கே மெத்தை வலியைக் குறைப்பதற்காகத்தான். வளைவை உண்டாக்குவதற்காக அன்று. பயிற்சிகளும் எளியவை. சுவரில் கையை ஊன்றி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் கெண்டைக்காலை நீட்டுதல். கீழே கிடக்கும் துண்டைக் கால்விரல்களாலேயே சுருட்டி இழுத்தல். முன்விரல்களில் எம்பி எம்பி இறங்குதல். இவற்றைச் செய்தால் எல்லோருக்கும் குழி விழுந்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டோம். தசை வலுக்கும், களைப்பு குறையும், அது போதாதா? தவிர, எங்கள் கிராமத்துப் பெண்கள் ஆடும் பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் நொண்டி, எம்பி, காலால் சில்லைத் தள்ளுவதில் இப்பயிற்சிகளில் பாதி அடங்கிவிடுகிறது! அதற்குக் கட்டணமும் கிடையாது.

எங்கள் வகுப்பில் போலீஸ் வேலைக்கும் இராணுவத்துக்கும் போக ஆசைப்படுபவர்கள் பலர். இந்த வறண்ட பூமியிலிருந்து சீருடை அணிந்து சென்றவர்கள் குறைவில்லை அல்லவா? ஆனால் மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் தட்டைப் பாதம் இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியைக் கேள்விப்பட்டே, "எனக்கு எதற்கு அந்த ஆசை" என்று ஒதுங்கிக்கொண்ட பெண்ணை நாங்கள் அறிவோம். இராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவ விதிகளில் இன்னும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. முன்விரல்களில் நின்றால் வளைவு மீண்டும் தோன்றி, விரல்களில் நன்றாகத் துள்ளவும் ஓடவும் முடிந்து, பாதம் வளைந்து கொடுப்பதாகவும் வலியற்றதாகவும் இருந்தால் அவர் தகுதியுடையவரே என்று அந்த விதி கூறுகிறது. மேலே நாங்கள் சொன்ன சுவர்ச் சோதனையேதான்! பெண்களுக்குத் தேசிய பாதுகாப்பு அகாதெமியின் கதவு 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணையால் திறந்து, 2022இல் முதல் பெண்கள் அங்கே சேர்ந்தார்கள். அந்தக் கதவைத் தன் பாதத்தைக் காரணம் காட்டித் தானே சாத்திக்கொள்ள எந்தப் பெண்ணுக்கும் அவசியமில்லை.

காவல் படைகளின் அந்த ஒற்றை வரியும் இப்படி விரிவாக எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். இதற்கு ஆதாரமும் இருக்கிறது. கனடா நாட்டு இராணுவத்தில் 3600க்கும் மேற்பட்ட வீரர்களின் பாதங்களைச் சோதித்து 1947இல் அறிக்கை தந்த டாக்டர்கள் ஹாரிஸ், பீத் ஆகிய இருவரும், வளையும் தட்டைப் பாதத்தால் வீரர்களுக்கு இடையூறு இல்லை என்று அப்போதே கூறிவிட்டார்கள். 1993இல் அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியில் இருந்த 246 பேரைக் கவனித்தபோது, குழி மிக ஆழமாக இருந்தவர்களைவிடத் தட்டைப் பாதம் உடையவர்களுக்கே காயங்கள் குறைவாக ஏற்பட்டன. நாம் எதை அழகு என்று புகழ்ந்தோமோ அதற்கே அடி அதிகம் பட்டிருக்கிறது!

பாதத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் பேச்சுக்கு என்ன பதில் சொல்வது? கௌதம புத்தருக்கு உரியனவாகக் கூறப்படும் 32 மகாபுருஷ இலட்சணங்களில், சமமாகத் தரையில் படியும் பாதம் ஒன்று என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. ஓரிடத்தில் மகானின் அடையாளம். இன்னோரிடத்தில் புகுந்த வீட்டுக்கு ஆகாத அடையாளம். இரண்டில் எதை நம்புவது? நாங்கள் இரண்டையும் நம்பவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் ஈரக்காலோடு நடக்கச் சொல்லித் தடம் பார்ப்பவர்கள் இன்னும் யாரேனும் இருந்தால், மாப்பிள்ளையையும் அதே தரையில் நடக்கச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

மதிப்புக்குரிய தலைமை அருட்சகோதரி அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் எங்களுடைய பணிவான வேண்டுகோள் ஒன்று. எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு, முழுதும் மூடிய கறுப்பு ஷூவுக்குப் பதிலாக, குதிகாலில் வார் உள்ள, விரல்கள் திறந்த கறுப்புச் செருப்பை அனுமதிக்க வேண்டும். விலையும் குறைவு, வியர்வைப் புண்ணும் வராது. முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்கிச் சுத்தம் செய்த மணலில், ஆசிரியையின் கண்காணிப்பில், அக்குழந்தைகள் தினமும் அரை மணி நேரமாவது வெறுங்காலோடு விளையாட வேண்டும். மணலைச் சலித்துப் பொறுக்கும் வேலையைச் சனிக்கிழமைகளில் செய்துதர மேல் வகுப்பு மாணவியர் தயார். பள்ளியின் மருத்துவப் பரிசோதனை நாளில் கண்ணையும் பல்லையும் பார்ப்பதோடு, முன்விரல்களில் எம்பி நிற்கவைத்துப் பாதத்தையும் ஒரு நிமிடம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"சீருடையின் ஒழுங்கு கெட்டுவிடுமே" என்று சிலர் நினைக்கலாம். சின்னக் குழந்தைகள் அனைவரும் ஒரே மாதிரியான செருப்பு அணிந்தால் அதுவும் ஒழுங்குதானே? கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஷூ வாங்கும் பட்டியல் வீடுகளுக்கு வந்துவிடும். அதற்கு முன் நடக்கும் கூட்டத்திலேயே இது பேசப்பட்டால் நலம். அப்போது நாங்கள் பத்தாம் வகுப்பை முடித்து வெளியேறியிருப்போம். எங்கள் வகுப்புத் தோழியின் தங்கை, அந்த விசேஷ ஷூ சிறுத்துப்போன குழந்தை, யு.கே.ஜி.க்கு வருவாள்.